தை மாதத் தண்ணீரை வைத்துச் சித்திரையைச் சொல்லாதீர்கள்

எங்கள் ஊருணித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்துவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கைதட்டல். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தண்ணீர் எடுத்தது தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி தளும்பிக் கிடக்கும்போது எந்தத் தண்ணீரும் நல்ல பிள்ளைதான்.

காரைக்குடிப் பக்கம் தேனாற்றைப் பாருங்கள். மழை பெய்தால்தான் ஓட்டம். கோடையில் ஊரை ஒட்டி ஏதாவது மினுங்கினால் அது பெரும்பாலும் நம் வீட்டுச் சாக்கடை. கலக்க நல்ல தண்ணீர் கிடையாது, அதனால் அதே கழிவு சித்திரையில் பல மடங்கு அடர்த்தியாக நிற்கும். குளிக்கிற ஆற்று நீரில் பிஓடி லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவுதான் பிஓடி. தையில் தேறுகிற தண்ணீர் சித்திரையில் தோற்கலாம்.

நகரத்து ஆற்று வடிநிலங்களை, அதாவது மழைநீர் வடிந்து ஆற்றில் சேரும் பரப்புகளை, ஆராய்கிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். என்ன ஆபத்து வருகிறது, வந்தால் எவ்வளவு அடிபடும், அடிபட்டால் எழுந்திருக்கத் தெம்பு உண்டா. ஒரு பாட்டில் தண்ணீர் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. 2015 டிசம்பரில் அடையாறு சென்னைக்குள் புகுந்தது. 2019 கோடையில் அந்த ஊருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. அதே ஊர், இடையில் நான்கே வருடம்.

என் அப்பத்தா முதல் மழையை வளவில் பிடிக்க விடமாட்டார். "ஓடு கழுவிப் போகட்டும், அப்புறம் அண்டாவை வைங்கடா" என்பார். இப்போது முதல் மழை கழுவுவது தார் ரோட்டையும் மெக்கானிக் கடை ஆயிலையும் கறிக்கடை வாசலையும். அவ்வளவும் வரத்துக்கால் வழியாக, அதாவது மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்கால் வழியாக, நேரே ஊருணிக்குள். அந்த வரத்துக்காலிலும் பாதியை மூடி பிளாட் போட்டாகிவிட்டது. நாமோ படித்துறைக்குப் பெயின்ட் அடித்து, சுற்றி நடைபாதை போட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம். (நானும் எடுத்தேன், சரி.)

சித்திரையில் மறுபடி தண்ணீர் எடுக்கப் போகிறோம், ஐப்பசி முதல் மழை அன்றைக்கும். படித்துறையில் ஒரு பாட்டில், வரத்துக்கால் வாயில் ஒரு பாட்டில். மூடிய வரத்துக்கால் எங்கே ஓடியது என்று பார்க்க வேண்டும்; பழைய கிராம வரைபடம் யார் வீட்டுப் பெட்டகத்திலாவது கிடந்தால் சொல்லுங்கள், வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.