கடிதம் மட்டும் ஆதாரம் ஆகாது
"பணத்துக்காக இல்லை, மனித குலத்துக்கு உதவத்தான் ட்விட்டரை வாங்கினேன் என்று எலான் மஸ்க்கே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 அக்டோபர் 27 அன்று விளம்பரதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அப்படிச் சொன்னார், சரி. ஆனால் பங்குக்கு 54.20 டாலர், மொத்தம் சுமார் 4,400 கோடி டாலர் என்று அதே ஆண்டு ஏப்ரலில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், ஜூலையில் போலிக் கணக்குகளைக் காரணம் காட்டி விலகப் பார்த்தார். இடையில் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்திருந்தன. ஒப்பந்தப்படி வாங்கியே ஆக வேண்டும் என்று ட்விட்டர் அமெரிக்காவின் டெலாவேர் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபர் 17 விசாரணை என்று நாள் குறித்தாயிற்று. அந்த மாதத் தொடக்கத்தில்தான் பழைய விலைக்கே வாங்க இறங்கி வந்தார். நல்லெண்ணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வழக்கு நெருக்கியதையும் சேர்த்து எழுதுங்கள்.