கிரெடிட் கார்டு வாங்கும் முன் வீட்டுச் செலவை எழுதிப் பாருங்கள்

சென்ற மாதம் சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, வங்கி முகவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பளபளப்பான துண்டறிக்கையை அவள் என் முன் வைத்தாள். "அண்ணா, இந்தக் கார்டை வாங்கலாமா? செலவு பண்ணப் பண்ண பாயிண்ட் ஏறுமாம், ஏர்போர்ட்டில் வசதியா உட்கார்ந்து காத்திருக்கிற லவுஞ்சும் இலவசமாம்" என்று கேட்டாள். ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 2,950. ஆண்டுக்கு மூன்று லட்சம் செலவழித்தால் அந்தக் கட்டணம் தள்ளுபடி. ஒவ்வொரு 150 ரூபாய்க்கும் 4 பாயிண்ட், ஒரு பாயிண்டின் மதிப்பு 25 காசு. அதாவது, நூறு ரூபாய் செலவழித்தால் சுமார் 67 காசு திரும்பி வரும். துண்டறிக்கையில் "4 பாயிண்ட்" என்பது பெரிய எழுத்தில் இருந்தது. 25 காசு என்பதைப் பின்பக்கத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவளுடைய பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டின் மாதச் செலவை இருவருமாக எழுதினோம். வாடகை 13,000, பள்ளிக் கட்டணமும் வேனும் 7,000, பெட்ரோல் 3,000, பால், காய்கறி, கறி, மீன் 6,000, மின்கட்டணம் சராசரியாக 1,000, மளிகை 7,000, ஆன்லைனில் வாங்குவது 3,000, செல்பேசியும் இணையமும் 1,000, மருந்து 1,000. ஆக மொத்தம் 42,000. இதில் வாடகை வீட்டுக்காரரின் கணக்குக்குப் போகிறது, காய்கறிக்கும் மீனுக்கும் கையில் காசு கொடுக்கிறாள். பெட்ரோல், பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு அந்தக் கார்டில் பாயிண்டே கிடையாது. கழித்துப் பார்த்தால், பாயிண்ட் தரும் செலவாக எஞ்சியது மாதம் 12,000 ரூபாய் மட்டுமே. ஆண்டுக்கு 1,44,000 ரூபாய்க்கு அவளுக்குக் கிடைக்கக்கூடியது 960 ரூபாய். கார்டில் போகும் மொத்தச் செலவும் மூன்று லட்சத்தை எட்டாததால் கட்டணமும் தள்ளுபடி ஆகாது, கட்ட வேண்டியது 2,950. லவுஞ்சைப் பொறுத்தவரை, அவள் கடைசியாக விமானம் ஏறி ஆறு வருடங்கள் ஆகின்றன.

இந்தக் கணக்கைப் போடாமல் கார்டு வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வேதனைப்படுகிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் வாங்கினேன். என் பழைய கார்டிலும் இதே 150-க்கு 4 என்ற விகிதம்தான். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்து வைத்த 9,600 பாயிண்ட்களுக்கு அந்த வங்கியின் பரிசுப் பட்டியலிலிருந்து ஒரு மூன்று லிட்டர் குக்கரைத் தேர்ந்தெடுத்தேன். அதை வாங்குவதற்கே 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் தனியாகப் பிடித்தார்கள். அதே நிறுவனத்தின் அதே குக்கர் எங்கள் தெருமுனைப் பாத்திரக் கடையில் 1,750 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்தப் பாயிண்ட்களைச் சேர்க்க நான் செலவழித்திருந்த தொகை 3,60,000 ரூபாய். நூற்றுக்கு ஐம்பது காசு கூடத் தேறவில்லை.

ஆகவே நடுத்தரக் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது, பாயிண்டாக இல்லாமல் ரூபாயாகவே பில்லில் கழித்துக்கொள்ளும் கேஷ்பேக் கார்டு. பாயிண்டின் மதிப்பை நிர்ணயிப்பது வங்கி. ரூபாயின் மதிப்பில் அப்படி யாரும் கை வைக்க முடியாது. அடிக்கடி வெளிநாடு செல்பவர்களும், பாயிண்ட்களை விமான நிறுவனங்களின் மைல்களாக, அதாவது விமான டிக்கெட் வாங்க உதவும் புள்ளிகளாக, மாற்றத் தெரிந்தவர்களும் அதிகப் பலன் அடைகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அது தனி உலகம். அதற்கு நேரமும் பொறுமையும் பெரிய செலவும் வேண்டும்.

கேஷ்பேக் கார்டிலும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்டுக் கட்டணமே இல்லாமல் எல்லாச் செலவுக்கும் 1 சதவீதம் தரும் கார்டு ஒன்று, கட்டணம் 999 வாங்கிக்கொண்டு ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 1 சதவீதமும் தரும் கார்டு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தங்கையின் செலவுக்கு முதல் கார்டு ஆண்டுக்கு 1,440 ரூபாய் தரும். இரண்டாவது 2,880 தரும், ஜிஎஸ்டியோடு கட்டணம் 1,179 போக மிஞ்சுவது 1,701. வித்தியாசம் 261 ரூபாய்தான். மாதம் சுமார் 2,500 ரூபாய்க்குக் குறைவாக ஆன்லைனில் வாங்கும் வீட்டுக்குக் கட்டணமில்லாத கார்டே மேல்.

இன்று தருவதை நாளையும் தருவார்கள் என்று நம்பி எந்தக் கார்டையும் வாங்கக் கூடாது. எஸ்பிஐ கார்டு நிறுவனம் 2022-ல் கேஷ்பேக் கார்டை அறிமுகப்படுத்தியபோது மாதத்துக்கு 10,000 ரூபாய் வரை கேஷ்பேக் பெற முடிந்தது. 2023 மே மாதம் முதல் அந்த உச்சவரம்பு 5,000 ஆகக் குறைந்தது. எல்லா நிறுவனங்களும் இப்படி மாற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பயனில்லை என்றால் தயங்காமல் கார்டை மூடிவிடுங்கள். பாக்கி எதுவும் இல்லாத நிலையில், மூடச் சொல்லி விண்ணப்பித்த ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன.

ரூபே கிரெடிட் கார்டாக இருந்தால் யுபிஐ செயலியில் இணைத்து, அண்ணாச்சி கடையிலும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கார்டிலிருந்தே பணம் செலுத்தலாம். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் கடைக்காரர் தம் சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டி வைத்திருந்தால் அதில் கிரெடிட் கார்டு செல்லாது, வணிகக் கணக்கின் க்யூஆராக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்ன அத்தனை கணக்கும், பில் தொகையை முழுவதுமாகக் கெடு நாளுக்குள் கட்டுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பல கார்டுகளில் வட்டி மாதம் 3.75 சதவீதம், ஆண்டுக்கு 45 சதவீதம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. 12,000 ரூபாய் பில்லுக்கு மினிமம் டியூவாக, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையாக, 600 மட்டும் கட்டினால், மீதி 11,400-க்கு ஒரு மாத வட்டி, ஜிஎஸ்டி சேர்த்து, குறைந்தது 504 ரூபாய். நான்கு மாதக் கேஷ்பேக் அந்த ஒரே மாதத்தில் போய்விடும். உண்மையில் இதைவிடக் கூடும், ஏனென்றால் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்காகும், புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் கால அவகாசம் கிடைக்காது. மாதக் கடைசியில் கை கடிக்கும் வீடாக இருந்தால், எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

தங்கை கடைசியில் ஆண்டுக் கட்டணம் இல்லாத 1 சதவீதக் கார்டுக்கு விண்ணப்பித்தாள். பில் தொகையைச் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வதற்கான படிவத்தில் "மினிமம் டியூ", "முழுத் தொகை" என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முகவர் முதல் கட்டத்தில் பென்சிலால் ஏற்கெனவே ஒரு டிக் போட்டு வைத்திருந்தார். அதை அழித்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் பேனாவால் போட்டுக் கையெழுத்திட்டாள்.