மின்கருவி பிராண்டு கைமாறும்போது கேட்க வேண்டிய கேள்வி

ஒரு மின்கருவி நிறுவனத்தை வேறொருவர் வாங்கிவிட்டார் என்ற செய்தி வந்ததும், பட்டறைக்காரர்களிடையே எழும் முதல் பேச்சு வாங்கியவர் எந்த நாட்டுக்காரர் என்பதாகவே இருக்கிறது. சீனக்காரர் கைக்குப் போய்விட்டது, இனி தரம் இருக்காது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். மரவேலைப் பட்டறை நடத்துபவன் என்ற முறையிலும், இந்தக் கருவிகளின் வரலாற்றை ஆர்வத்துடன் படித்து வருபவன் என்ற முறையிலும், இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பொருந்தவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். வாங்கியவரிடம் ஏற்கெனவே எந்தெந்தப் பிராண்டுகள் இருக்கின்றன, புதிதாக வந்ததை அவற்றினிடையே எங்கே வைக்கப்போகிறார் என்று கேட்டால், அடுத்த பத்தாண்டுகளில் அந்தக் கருவிக்கு என்ன நேரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இதற்கு 2004ஆம் ஆண்டை விடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டில் அமெரிக்காவின் இரண்டு பழம்பெரும் தொழில்முறைப் பிராண்டுகள் சில வார இடைவெளியில் விலை பேசப்பட்டன. ஒன்று போர்ட்டர் கேபிள். அதைப் பென்டேர் நிறுவனத்தின் கருவிப் பிரிவோடு சேர்த்து 77.5 கோடி டாலருக்குப் பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. மற்றொன்று மில்வாக்கி, அதையும் ஜெர்மன் பிராண்டான ஏஇஜியின் மின்கருவிகளையும் ஸ்வீடனின் அட்லஸ் காப்கோவிடமிருந்து 60 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து ஹாங்காங்கின் டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ், அதாவது டிடிஐ, வாங்கியது. அமெரிக்கப் பிராண்டு அமெரிக்க நிறுவனத்திடம் போனதால் பிழைக்கும், ஹாங்காங்குக்குப் போனது அழியும் என்று அன்று ஒருவர் கணித்திருந்தால் அதை யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நடந்தது நேர்மாறானது.

போர்ட்டர் கேபிளின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதற்கு நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. 1906இல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே பணியாற்றிய ஆர்ட் எமன்ஸ் என்ற பொறியாளர் 1926இல் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பெல்ட் சாண்டரை, அதாவது உப்புத்தாள் பட்டை சுழன்று மரத்தைத் தேய்க்கும் கருவியை, உருவாக்கினார்; சில ஆண்டுகளில் ஹெலிகல் கியர் எனப்படும் சாய்ந்த பற்களுள்ள பற்சக்கரம் பொருத்திய வட்ட ரம்பத்தையும் வடிவமைத்தார். இன்று நாம் கையாளும் பெரும்பாலான வட்ட ரம்பங்களின் அமைப்பு அந்த வழியில் வந்ததே. 1960இல் ராக்வெல் நிறுவனம் இதை வாங்கி, டென்னசியின் ஜாக்சன் நகருக்கு உற்பத்தியை மாற்றி, நாளடைவில் போர்ட்டர் கேபிள் என்ற பெயரையே எடுத்துவிட்டுத் தன் பெயரைப் பொறித்தது. 1981இல் வாங்கிய பென்டேர் செய்த முதல் நல்ல காரியம், பழைய பெயரை மீட்டுக் கொண்டுவந்தது. பென்டேரிடம் அப்போது வேறு மின்கருவிப் பிராண்டு எதுவும் இல்லை. ஆகவே தன் கவனத்தை முழுவதும் இதன் மேல் வைத்தது. பின்வந்த இருபது ஆண்டுகளில் மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்கும் 690 வரிசை ரூட்டரும், புறாவால் வடிவ மூட்டு வெட்ட உதவும் டவ்டெயில் ஜிக்கும் அமெரிக்க மரவேலைப் பட்டறைகளில் ஏறக்குறைய பொது அளவுகோலாக ஆயின.

2004இல் வந்த உரிமையாளரின் நிலைமையோ முற்றிலும் வேறு. பிளாக் அண்ட் டெக்கர் என்ற பெயரைத் தொழிலாளர்கள் வீட்டு உபயோகப் பொருளாகவே பார்க்கிறார்கள் என்பதை உணர்ந்த அந்நிறுவனம், 1960 முதல் தன் வசம் இருந்த டிவால்ட் என்ற பழைய பெயரை 1992இல் மஞ்சள் நிறத்தில் புதிதாக அறிமுகப்படுத்திப் பெரும் வெற்றி கண்டிருந்தது. தொழில்முறைக் கருவிக்கான இடத்தில் டிவால்ட் அமர்ந்திருக்கும்போது, அதே இடத்துக்கு உரிய போர்ட்டர் கேபிளை என்ன செய்வது? சொந்தப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தத்துப் போன பிள்ளையின் நிலைதான் அதற்கு வாய்த்தது. டிவால்டுக்குப் போட்டியாகாத உயரத்தில், விலை குறைந்த கருவி வரிசையாக அது இறக்கி வைக்கப்பட்டது. கம்பியில்லாக் கருவிகளில் 19.2 வோல்ட், பிறகு 18 வோல்ட், பிறகு 20 வோல்ட் என்று பேட்டரி அமைப்பு மாறிக்கொண்டே போனது. ஒன்றின் பேட்டரி மற்றொன்றில் பொருந்தவில்லை. 2010இல் ஸ்டான்லி என்ற கருவி நிறுவனத்துடன் இணைப்பு நடந்து, 2017இல் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடரிடமிருந்து கிராஃப்ட்ஸ்மேன் என்ற கருவிப் பெயரும் வாங்கப்பட்டபின், கீழ்த்தட்டில் இருந்த இடத்துக்கும் இன்னொரு பங்காளி வந்து சேர்ந்தார். யாரும் இந்தப் பிராண்டை அழிக்கத் திட்டமிட்டதாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு முடிவும் அந்தந்த நேரத்துக் கணக்கில் நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால் நூறாண்டுப் பெயர் ஒன்று தேய்வதற்கு அத்தகைய நியாயமான முடிவுகளே போதுமானவையாக இருந்தன.

மில்வாக்கி 1924இல் விஸ்கான்சினில் தொடங்கியது. 1951இல் அது கொண்டுவந்த சாசால் என்ற பெயரே இன்று அமெரிக்காவில் முன்பின் அசையும் ரம்பத்துக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. அதுவும் பலமுறை கைமாறியிருந்தது; 1976இல் அதை வாங்கிய ஆம்ஸ்டார் அடிப்படையில் ஒரு சர்க்கரை நிறுவனம் என்பது வியப்பூட்டும் செய்தி. டிடிஐ வாங்கியபோது அதன் கையில் இருந்த முக்கிய மின்கருவிப் பெயர் ரியோபி. வீட்டில் தானே வேலை செய்துகொள்பவர்களுக்கானது. கட்டடத் தளத்தில் நாள் முழுவதும் உழைப்பவருக்குக் கொடுக்க அதனிடம் வலுவான பெயர் எதுவும் இல்லை. அந்தக் காலி இடத்தில் மில்வாக்கி முழு உரிமையுடன் அமர்ந்தது. லித்தியம் அயன் பேட்டரியில் இயங்கிய வி28 வரிசை 2005இல், கைமாறிய வேளையிலேயே வெளிவந்தது என்பதால் அதன் விதை பழைய உரிமையாளர் காலத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த விதையை நம்பி அடுத்தடுத்து எம்12, எம்18 வரிசைகளில் தொடர்ந்து பணம் போட்டதும், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாகக் கருவி வடிவமைத்ததும் புதிய உரிமையாளரே. டிவால்டின் 1992 மறுபிறப்பில் முக்கியப் பங்காற்றிய ஜோசப் காலி 2008இல் டிடிஐயின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2023இல் டிடிஐயின் ஆண்டு விற்பனை சுமார் 1,370 கோடி டாலர். அதில் பெரும்பங்கு மில்வாக்கியினுடையது.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. உற்பத்தியில் பெரும்பகுதி ஆசியாவுக்குச் சென்றது. அமெரிக்க ஆலைத் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். பயனாளி அடைந்த நன்மையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வடிவமைப்பும் பொறியியலும் மட்டும் விஸ்கான்சினிலேயே நிலைத்து வளர்ந்தன. அந்த மாநிலத்தின் வெஸ்ட் பெண்டில் கைக்கருவி ஆலை ஒன்றும் பின்னர் திறக்கப்பட்டது. வடிவமைப்பாளர் குழு கலைக்கப்படவில்லை என்பதே அந்தக் கருவிகளின் தரம் காக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு நிறுவனம் கைமாறினால் பயனாளிக்கு உடனடியாகப் பெரிய இழப்பு ஏற்பட்டுவிடாது. கம்பியுள்ள டிரில்லுக்குக் கார்பன் பிரஷ், பேரிங், சுவிட்ச் ஆகியவற்றை எந்தக் கடையிலும் பொருத்தமாகத் தேடி வாங்கிவிடலாம். மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். பேட்டரிக் கருவி அப்படியல்ல. பேட்டரியும் சார்ஜரும் வராமல் நின்றுவிட்டால், மோட்டாரும் கியரும் புதிதுபோல இருந்தாலும் கருவி பயனற்றதாகிவிடுகிறது. அத்தகைய டிரில் ஒன்று என் பட்டறை அலமாரியிலும் இருக்கிறது. எனவே உரிமை மாற்றம் இன்று நாம் ஏற்கெனவே செலவழித்த பணத்தையும் தொடுகிறது.

இந்தப் பொறுப்பை உணர்ந்து நடந்தவர்களும் உண்டு. டிடிஐ 2000இல் ரியோபியின் வட அமெரிக்க வணிகத்தை எடுத்தபோது, 1996இல் வந்த 18 வோல்ட் பேட்டரியின் பொருத்து வடிவத்தை மாற்றவில்லை; அது இன்றும் தொடர்கிறது. நமக்கு நன்கு பழக்கமான ஹிட்டாச்சியின் பச்சைக் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஹிட்டாச்சி கோக்கியை கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டு பெயர் ஹைகோக்கி ஆனது. நம் ஊர்க் கடைகளில் அந்தப் புதிய பெயரைக் கண்டு போலி என்று தயங்கியவர்கள் பலர். ஆனால் புதிய மல்ட்டி வோல்ட் பேட்டரி பழைய ஹிட்டாச்சி 18 வோல்ட் ஸ்லைடு வகைக் கருவிகளிலும் பொருந்தும்படியே செய்யப்பட்டது. பெயரை இழந்த ஒரு நிறுவனம் தன் பழைய வாடிக்கையாளரைக் கைவிடவில்லை என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். அதே உரிமையாளரின் கீழ் இருக்கும் ஜெர்மனியின் மெட்டாபோ வேறு பேட்டரி அமைப்பிலேயே நீடிப்பது மட்டும் குறையாகத் தெரிகிறது.

ஜெர்மனியின் ஃபெஸ்டூல் கருவிகளின் தாய் நிறுவனம் 2017இல் சாஸ்டாப் என்ற மேசை ரம்ப நிறுவனத்தை வாங்கியபோதும் இதே கேள்வியைப் பொருத்திப் பார்த்தேன். சாஸ்டாப்பினுடையதைப் போல விரல் பட்டவுடன் நின்றுவிடும் பெரிய மேசை ரம்பம் அப்போது ஃபெஸ்டூலிடம் இல்லை. எனவே சாஸ்டாப் தன் பெயரோடும் தன் இடத்தோடும் தொடர்கிறது. தன் கருவிகளுக்குப் பத்தாண்டுகள் உதிரி பாகம் கிடைக்கும் என்று ஃபெஸ்டூல் எழுத்து மூலம் உறுதியளிக்கிறது. ஒரு பிராண்டை வாங்குகிற ஒவ்வொருவரும், வாங்கிய அன்றே இதைப்போல ஓர் ஆண்டுக் கணக்கைக் குறிப்பிட்டு, விற்பனையில் இருக்கும் பேட்டரி வரிசை எதுவரை தயாரிக்கப்படும் என்றும் சேர்த்து வெளியிட வேண்டும். அந்த இரண்டு விவரங்களும் வெளிவராத வரையில், கைமாறிய பிராண்டின் பேட்டரிக் கருவியைப் புதிதாக வாங்க வேண்டாம் என்றே என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.