டார்வின் நாத்திகரும் இல்லை, மனம் திரும்பவும் இல்லை

"டார்வின் கடவுள் இல்லை என்பதில் நூறு சதவீதம் உறுதியாக இருந்தார், சாகும்போதுதான் பயந்து மனம் திரும்பினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

1879இல் ஜான் ஃபோர்டைஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் டார்வினே இதைத் தெளிவாகச் சொல்கிறார். தன் எண்ணம் அடிக்கடி ஊசலாடுகிறதாம். எவ்வளவு ஊசலாடினாலும், கடவுளே இல்லை என்று மறுக்கும் நாத்திகராக ஒருபோதும் இருந்ததில்லையாம். வயது ஏற ஏற, 'அக்னாஸ்டிக்' (தெரியாது என்று ஒப்புக்கொள்பவர்) என்பதே தனக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது என்கிறார். அதிலும் "எப்போதும் அல்ல" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார், பாருங்கள். அந்தச் சந்தேகத்தில்கூட அவர் முழு உறுதி காட்டவில்லை!

சரி, மரணப் படுக்கைக் கதை? டார்வின் 1882இல் இறந்தார். சாகும் முன் அவர் மனம் திரும்பினார் என்று லேடி ஹோப் என்ற கிறிஸ்தவப் பிரசாரகர் சொன்ன அந்தக் கதை அச்சில் வந்தது 1915இல். கடைசி நேரத்தில் கூடவே இருந்த மகள் ஹென்றியெட்டா, அந்தப் பெண்மணி அப்பாவின் எந்த நோயின்போதும் அங்கே இல்லை என்று 1922இல் எழுதி மறுத்துவிட்டார்.

அவர் மனைவி எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர். திருமணமான புதிதில், கணவரின் சந்தேகங்களை நினைத்துக் கவலையோடு ஒரு கடிதம் எழுதினார். டார்வின் அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். தான் இறந்த பிறகு எம்மா பார்க்கட்டும் என்று, எத்தனையோ முறை இதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என அதிலேயே எழுதியும் வைத்தார். இப்படிப்பட்ட மனிதரைத் தயவுசெய்து உங்கள் கட்சிக்கோ எதிர்க்கட்சிக்கோ இழுக்காதீர்கள்.