நெக்ஸ்ட் அழுத்தினால் தொழில் வருமா?

எல்லா ஊழியர்களும் ஆன்லைன் பாடத்தை முடித்துவிட்டால் நிறுவனத்தின் திறமை தானாக உயரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் 18 வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஷாப்பில் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வந்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட். சர்டிபிகேட் ரெடி. (நானும் செய்திருக்கிறேன்.)

போன மழைக்காலத்தில் ஒரு சிஎன்சி லேத்தில் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) டரட், அதாவது வெட்டும் டூல்களைச் சுழற்றி மாற்றும் பகுதி, பாதியில் நின்று அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. மேனுவலில் சொன்னதெல்லாம் பார்த்தாயிற்று. எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் வந்து சென்சார் முகத்தைத் துணியால் துடைத்தார், அவ்வளவுதான். இரும்புத் தூள்! சரி, இதையே ஒரு நிமிஷம் சொல்லுங்கண்ணே என்று போனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். அடுத்த ஷிப்ட் பையன், "எங்க மெஷின்ல கனெக்டருக்குள்ள கூலன்ட் தண்ணி இறங்கியிருந்துச்சுண்ணே" என்று பதில் போட்டான். எனக்கு அதுதான் பாடம்.

இது புதிதும் இல்லை. 1980களிலேயே ஜெராக்ஸ் கம்பெனி மெக்கானிக்குகளுடன் கூடவே சுற்றிய ஜூலியன் ஓர் (Julian Orr) என்ற மானுடவியலாளர், மேனுவலைவிடத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதைகளில்தான் அவர்கள் நிறையக் கற்கிறார்கள் என்று கண்டார். அப்புறம் அந்தக் கம்பெனியிலேயே யுரேகா என்ற ஏற்பாடு வந்தது. மெக்கானிக் எழுதும் குறிப்பைச் சக மெக்கானிக்குகள் சரிபார்ப்பார்கள். எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும்.

எங்கள் ஹெச்ஆரோ வேலை நேரத்தில் என்ன போன் என்று அந்த குரூப்பை மூடச் சொல்கிறது. அண்ணன் மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார்.