கவட்டையில்லாக் கவட்டை

ரப்பர் பட்டையை இழுத்துக் குண்டு அடிக்கும் கருவிக்கு நம் மொழியில் பெயரே கவட்டைதான். கவை, கவடு, கவட்டை என்ற சொற்கள் எல்லாம் கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் குறிப்பவை. விசையைத் தரும் ரப்பருக்கும் குண்டைத் தாங்கும் தோலுக்கும் அந்தப் பெயரில் இடமில்லை. அப்படியிருக்க, அந்தக் கவையையே விட்டுவிட்டு, ரப்பர் பட்டையின் இரு நுனிகளையும் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் பிடித்துக்கொண்டு வெறுங்கையால் அடிக்கும் முறையைப் பற்றி நண்பர்கள் சிலர் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். கவட்டை தேவைப்படாதவனே உண்மையில் தேர்ந்தவன் என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரு முறைகளிலும் நெடுநாள் அடித்துப் பழகியவன் என்ற முறையில், இந்தக் கருத்து தவறானது மட்டுமல்ல, புதிதாகக் கற்பவர்களின் விரலுக்கும் கண்ணுக்கும் ஆபத்தானது என்றும் எண்ணுகிறேன்.

கவட்டை குண்டைத் தள்ளுவதில்லை. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டறிந்த பிறகே இந்தக் கருவி சாத்தியமாயிற்று. இதன் ஆற்றல் முழுவதும் ரப்பரில்தான் இருக்கிறது. பட்டையும் இழுக்கும் நீளமும் குண்டும் ஒன்றாக இருந்தால், கவட்டையில் கட்டி அடித்தாலும் விரலில் பிடித்து அடித்தாலும் வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இராது. கவட்டை நமக்குத் தருவது மாறாத ஓர் அளவை. தோலைக் கன்னத்தில் ஒரே இடத்துக்கு இழுத்து நிறுத்தி, மேல் முனையை இலக்கோடு பொருத்திப் பார்க்கும்போது, நேற்று அந்த முனை எங்கே இருந்ததோ அங்கேயேதான் இன்றும் இருக்கும். விரலுக்கு அந்த உறுதி கிடையாது. கன்னத்திலிருந்து முன்கை, அதாவது முன்னே நீட்டிப் பிடித்திருக்கும் கை, வரை 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விரல் பிடி மூன்று மில்லிமீட்டர் இடம் மாறினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் விலகிப் போகும். குளிர்பான டப்பாவின் நடுவைக் குறிவைத்தவருக்கு அந்த விலகலே போதும், குண்டு டப்பாவைத் தொடாமல் போய்விடும்.

கவட்டையிலும் குறை உண்டு. முனைகள் கைப்பிடிக்கு மேலே உயர்ந்து நிற்பதால், இழுவிசை மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கப் பார்க்கும். கவட்டை உயரமாக இருந்தால் இந்தச் சிரமமும் கூடும். வெறுங்கையில் பட்டை விரல் மட்டத்திலேயே இருப்பதால் மணிக்கட்டுக்கு அந்தப் பாரம் மிகவும் குறைவு. ஆனால் விரல்நுனிகளின் கிள்ளுப்பிடி முழு விசையையும் தாங்கியாக வேண்டும். இரண்டு மூன்று கிலோ இழுவிசைக்கு மேல் உள்ள பட்டையை வெறுங்கையில் பிடித்து அடிப்பதை நான் விரும்புவதில்லை.

உண்மையான வேறுபாடு குண்டு செல்லும் வழியில் இருக்கிறது. ஒன்பது சென்டிமீட்டர் அகலமுள்ள கவட்டையில் எட்டு மில்லிமீட்டர் குண்டுக்கு வழி தாராளமாக இருக்கிறது. இரு விரல்களுக்கு நடுவே அந்த வழி இல்லை. குண்டு விரல்நுனிகளைத் தாண்டி மேலாகப் போயாக வேண்டும். இதற்காகத் தோலைக் கால் சுற்று திருப்பிச் சற்றே சாய்த்துப் பிடிக்கிறோம்; விடும் கணத்தில் முன்கையின் மணிக்கட்டை முன்னோக்கிச் சாய்த்து, விரல்களைக் குண்டின் வழியிலிருந்து விலக்குகிறோம். குண்டை விட்ட பிறகு கையைச் சாய்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வினாடிக்கு 60 மீட்டர் வேகம் எடுக்கும் குண்டு, தோலை விட்டதிலிருந்து விரலைக் கடக்க ஒரு வினாடியில் நூறில் இரண்டு பங்குதான் எடுத்துக்கொள்கிறது. கண்டதையோ உணர்ந்ததையோ கொண்டு கை அசைவதற்கு அதைப் போலப் பத்து மடங்கு நேரமாவது வேண்டும். ஆகவே, விடுவதும் சாய்ப்பதும் ஒரே செயலாக இருந்தால்தான் விரல் தப்பும். இழுவிசை திடீரென்று அற்றுப்போகும்போது முன்கை தானாகவே சற்று முன்னே பாயும். பழகியவர் அந்தப் பாய்ச்சலைத் தடுக்காமல் சாய்வாக மாற்றிக்கொள்கிறார்.

எனக்கு இது தவறிப்போன ஒரு மாலை இன்றும் நினைவில் இருக்கிறது. கை களைத்திருந்தது, இன்னும் ஐந்து குண்டுகள்தான் என்று தொடர்ந்தேன். தோலின் மடிப்பில் குண்டு நடுவில் உட்காராமல் ஓரமாக இருந்ததை விரல் உணர்ந்தது, உணர்ந்தும் விட்டேன். எட்டு மில்லிமீட்டர் எஃகுக் குண்டின் எடை இரண்டு கிராம்தான், ஆனால் அது பெருவிரல் நகத்தின் விளிம்பில் பட்டபோது கை முழுவதும் மரத்துப்போய்ச் சிறிது நேரம் வலிகூடத் தெரியவில்லை. இரவுக்குள் நகம் கறுத்தது. அந்தக் கறுப்பு முழுவதும் வளர்ந்து வெளியேற ஐந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வெறுங்கையை விடவில்லை, அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காயத்துக்கு முன்பே, கவட்டையில் என் குண்டுகள் அடிக்கடி வலப்பக்கம் விலகிக்கொண்டிருந்தன. கவட்டையின் முனையை மாற்றிப் பார்த்தேன், பட்டையை மாற்றிப் பார்த்தேன், குண்டின் அளவையும் மாற்றிப் பார்த்தேன். வெறுங்கையில் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது: தோலை விடும்போது என் பெருவிரல் முதலிலும் சுட்டுவிரல் அதன் பின்னாலும் திறந்துகொண்டிருந்தன. அந்தச் சிறு முந்துதல் தோலை ஒரு பக்கமாக இழுத்தது. அகலமான கவட்டையில் அப்படி இழுபட்ட குண்டும் சிக்கலின்றி உள்ளே புகுந்து போய்விடும், ஆகவே பிழை எங்கே என்று தெரிவதில்லை. குறுகிய வழியில் ஒவ்வொரு பிழையும் விரலை உரசிக்கொண்டே போகும். விடும் கையைத் திருத்திக்கொண்ட பிறகு, கவட்டையில் அடிக்கும் குண்டுகளும் ஒரே இடத்தில் விழத் தொடங்கின.

ஆனால் வலி நல்ல ஆசிரியன் என்ற பேச்சை நான் அறவே நம்பவில்லை. அடி விழுந்த விரல் அடுத்த முறை அஞ்சும். அஞ்சிய கை, குண்டை விடுவதற்கு முன்பே தாழ்ந்துவிடும். காயத்துக்குப் பின் எனக்கே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது, அதை நீக்க எடுத்த காலம் வெறுங்கை முறையைக் கற்க எடுத்த காலத்தைவிட நீண்டது. மெல்லிய பட்டையும் காய்ந்த களிமண் உருண்டையும்தான் கடைசியில் கைகொடுத்தன. களிமண் உருண்டை ஏறக்குறைய ஒரு கிராம்தான் இருக்கும், கடினமான இடத்தில் பட்டால் பொடிந்துவிடும், பாதி இழுப்பில் விரலில் பட்டாலும் பெரிய காயம் ஏற்படாது.

ஆகவே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கவட்டை. 10 மீட்டரில் டப்பாவைப் பத்துக்கு எட்டு முறை அடிக்க முடிகிற வரை அதிலேயே இருங்கள். அதன் பிறகு ஐந்து மீட்டரில், களிமண் உருண்டையுடன், பாதி இழுப்பில் வெறுங்கையைத் தொடங்குங்கள். எஃகுக் குண்டுக்கு அவசரம் வேண்டாம். பையில் மடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது வெறுங்கையின் வசதிதான், ஆனால் அதற்காக மட்டும் யாரும் இதற்கு மாற வேண்டியதில்லை. குறி தவறக் கூடாத இடத்தில் நான் இன்றும் கவட்டையைத்தான் எடுக்கிறேன்.

எந்த முறையிலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பட்டையைத் தொடாதீர்கள். லேடெக்ஸ் ரப்பர் வெயிலில் கெட்டுப்போகும். விளிம்பில் சிறு கீறல் தொடங்கினால், சில இழுப்புகளில் பட்டை அறுபட்டு நேராக முகத்தை நோக்கி வரக்கூடும். வெறுங்கையில் கீறல் பெரும்பாலும் விரல் பிடித்திருக்கும் நுனியை ஒட்டியே தோன்றுகிறது, பிடித்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் நான் பட்டையை இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறேன். ஒரு மில்லிமீட்டர் கீறல் தெரிந்தாலும் அதை அங்கேயே வெட்டிப் போட்டுவிடுகிறேன்.