வாயிலில் மாறும் விதியும் கழுத்தொடிந்த கித்தாரும்

கித்தாருடன் விமானம் ஏறுகிறவனுக்கு இந்த நாட்டில் உறுதியான விதி என்று ஒன்று இல்லை. அன்றைக்கு எதிரே நிற்கிற ஊழியர் என்ன சொல்கிறாரோ, அதுதான் விதி.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் தளம். ஆகவே தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் கோயில் பாடற்குழுக்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு வெளியூர் நிகழ்ச்சி வந்தால், பாம்பன் பாலத்தைத் தாண்டி, பரமக்குடி, மானாமதுரை வழியாக 150 கிலோமீட்டருக்கும் மேல் பேருந்தில் போய் மதுரையில்தான் விமானம் ஏற வேண்டும். நிற்க இடமில்லாத அந்தப் பேருந்தில்கூட, "கித்தார் மேல யாரும் சாயாதீங்கப்பா" என்று சொல்லி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இடம் ஒதுக்கித் தருகிறார் நடத்துநர். பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்றுகிற விமானத்தில் அந்த அக்கறையில் கால்பங்குகூட இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

உள்நாட்டு விமானங்களில் கையில் கொண்டுபோகும் பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. உறையோடு சேர்த்தாலும் என் கித்தார் அதில் ஏறக்குறைய பாதிதான். சிக்கல் நீளத்தில் இருக்கிறது: பைக்கு அனுமதி சுமார் 55 சென்டிமீட்டர், கித்தாரோ ஒரு மீட்டரைத் தாண்டும். அந்த அளவுகோலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்தாலாவது நாங்கள் அதற்கேற்பத் தயாராக வரலாம். நடப்பது அதுவன்று. போகும்போது சிரித்த முகத்துடன் உள்ளே அனுமதித்த அதே நிறுவனம், திரும்பும்போது தடுக்கிறது. முன்பதிவு மேசையில் "கையிலேயே கொண்டுபோங்க சார்" என்று சொன்னதை நம்பி மெல்லிய துணி உறையுடன் வந்து நிற்பவனிடம், விமான வாயிலில் வேறொருவர், "ஃப்ளைட் ஃபுல் சார், டேக் போட்டுக் குடுத்திருங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார். சரக்கறைக்குத்தான் போகும் என்று முன்பே சொல்லியிருந்தால் கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொடுத்திருப்பேனே! கையில் வைத்திருக்கத் துணி உறை, சரக்கறைக்குப் பெட்டி என்பது கித்தார் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். கடைசி நொடியில் முடிவை மாற்றி, துணி உறையோடு அதைச் சூட்கேஸ்களுக்கு அடியில் தள்ளுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியவே தெரியாது.

பின்னால் வரிசை முணுமுணுக்க, ஒரு சீட்டை நீட்டுகிறார்கள். எறும்பு எழுத்தில் அச்சிட்ட அந்தச் சீட்டு, பொருள் எளிதில் உடையக்கூடியது, சேதமானால் நிறுவனம் பொறுப்பேற்காது என்று சொல்கிறது. கையெழுத்துப் போட மறுத்தால் பயணம் இல்லை. அதை மிரட்டல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

என் கித்தார் இறங்கிய ஊரில் உடைமைகள் வரும் பெல்ட்டில் இரண்டு பெரிய பெட்டிகளுக்குக் கீழே நசுங்கி வந்தது. ஜிப்பைத் திறந்தபோது தலைப்பகுதி தந்திகளில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையும் கழுத்தும் சேருமிடத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டு என்ற சிறு கட்டைக்குச் சற்றுப் பின்னால், மரத்தின் நார் வெளியே தெரியும்படி கழுத்து பிளந்திருந்தது. அந்த இடம் உடைவதற்குக் காரணம் உண்டு. சுருதி சேர்த்த ஆறு உலோகத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. பல கித்தார்களில் தலை பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அந்த வளைவில் மரத்தின் நரம்பு குறுக்கே அறுபட்டுப் போகிறது. போதாக்குறைக்கு, கழுத்து வளையாமல் காக்கும் ட்ரஸ் ராடு என்ற உலோகக் கம்பிக்காக அங்கேதான் மரத்தைக் குடைந்திருப்பார்கள். மல்லாக்க விழுந்தால் உடல் தரையில் நின்றுவிடும், முறுக்காணிகளின் கனத்தால் தலை நிற்காது. கழுத்து போய்விடும். தந்திகளைத் தளர்த்துவதும், தலைக்கு அடியில் துணி அண்டக்கொடுப்பதும் ஓரளவுக்கு உதவும். ஆனால் இறக்கி வைக்காமல் வீசுகிறவர் கைக்கு எந்தத் துணி ஈடு கொடுக்கும்?

புகார் கொடுக்கப் போனால், "நீங்களே சைன் பண்ணிருக்கீங்களே சார்" என்று அந்தச் சீட்டையே எடுத்து நீட்டினார்கள். பன்னாட்டுப் பயணத்தில் விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 2009-இல் இந்தியாவும் சேர்ந்துவிட்டது. நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிற நிபந்தனை எதுவும் பன்னாட்டுப் பயணத்தில் செல்லாது என்று அதன் 26-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. உள்நாட்டுப் பயணத்திலோ, உடைமைச் சேதத்துக்கான இழப்பீட்டு உச்சவரம்பே ஒரு பயணிக்கு 20,000 ரூபாய்தான். முழுமரத்தில் செய்த நல்ல கித்தார் பலவற்றின் விலை அதற்கும் மேலே.

2008-இல் டேவ் கேரல் என்ற கனடா பாடகரின் கித்தாரை யுனைடெட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் பயணத்தில் உடைத்தார்கள். மாதக்கணக்கில் அலைந்தும் இழப்பீடு கிடைக்காததால் அவர் அதையே பாட்டாக்கி 2009-இல் வெளியிட, உலகமே பார்த்தது. அமெரிக்காவில் 2012-இல் சட்டம் வந்து, 2015-இல் விதியும் வந்தது: ஏறுகிற நேரத்தில் இருக்கைகளுக்கு மேலே பை வைக்கும் மேலடுக்கில் இடம் இருந்து, கருவி அதில் பாதுகாப்பாக அடங்குமானால், அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். இங்கே மட்டும் அது ஏன் முடியாது?

சிறிய ஏடிஆர் விமானங்களில் மேலடுக்கு சிறியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த விமானம் என்பது டிக்கெட் விற்கும்போதே நிறுவனத்துக்குத் தெரியும். கித்தார் உள்ளே வருமா வராதா என்பதை அப்போதே எழுத்தில் தரட்டும். மேசையில் சொன்னது வாயிலிலும் செல்ல வேண்டும். தவிர்க்கவே முடியாமல் அங்கே வாங்கினால், ஊழியர் கையால் வாங்கி மற்றச் சுமைகளுக்கு மேலே வைத்து, இறங்கும்போது விமானக் கதவருகிலேயே கையில் தர வேண்டும். பெல்ட்டில் போடக் கூடாது. உடைத்தால் உடைத்த பொருளின் உண்மையான விலையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்புத் துறப்புச் சீட்டை முதல் வேலையாகக் கிழித்துப் போட வேண்டும்.